ஓடும் வேனில் மின்னேறாத இரண்டாம் பேட்டரி: ஒரு வரலாறு

கேம்பர்வேன் என்பது படுக்கை, அடுப்பு, விளக்கு, குளிர்பெட்டி முதலிய வசதிகளுடன், பயணம் செய்யவும் தங்கவும் ஏற்றவாறு அமைக்கப்பட்ட வேன் ஆகும். இதில் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று என்ஜினைத் தொடக்கி வைப்பதற்கானது. மற்றொன்று வேன் நின்றிருக்கும்போது விளக்கு, நீரேற்றி, சூடேற்றி ஆகியவற்றை இயக்குவதற்கானது. இரண்டாவதை ஆங்கிலேயர் ‘லெஷர் பேட்டரி’ என்பர். இக்கட்டுரையில் அது வீட்டுப் பேட்டரி எனப்படுகிறது.

வேன் ஓடும்போது வீட்டுப் பேட்டரியும் தானாக மின்னேற வேண்டும் என்பதே இந்த அமைப்பின் நோக்கம். நாள் முழுவதும் ஓட்டிய பிறகும் அது மின்னேறாமல் இருப்பது கேம்பர்வேன்களில் நெடுங்காலமாக இருந்துவரும் பழுது. பழுதின் தோற்றம் மாறவில்லை. மாலையில் விளக்கு மங்கும், குளிர்பெட்டி நிற்கும். ஆனால் அதன் காரணம் ஒவ்வொரு தலைமுறை வண்டியிலும் மாறியிருக்கிறது. ஒரு காலத்தின் குறையைத் தீர்க்க வந்த கருவியே அடுத்த காலத்தின் பழுதுக்குக் காரணமானதும் உண்டு. இந்த வரலாறு தெரியாதபோது, நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதியதை வாங்கிப் பொருத்துவதும், அதுவும் சில மாதங்களில் கெட்டுப்போவதும் நேர்கின்றன.

பேட்டரியும் டைனமோவும்

மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய அமிலப் பேட்டரியை 1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாந்தே உருவாக்கினார். 1881இல் காமில் ஃபோர் ஈயத் தகடுகளின் மீது ஈயச் சேர்மப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். இதனால் பேட்டரியின் கொள்ளளவு கூடியது. தொழிற்சாலை உற்பத்தியும் எளிதானது.

ஈய அமிலப் பேட்டரியின் ஓர் அடிப்படைப் பண்பு இந்த வரலாறு முழுவதற்கும் பொருந்தும். ஆறு கலங்கள் கொண்ட 12 வோல்ட் பேட்டரி முழுமையாக மின்னேறி ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தால் 12.2 வோல்ட் அளவுக்கு இறங்கும். ஆனால் அதை முழுமையாக மின்னேற்ற 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். 13 வோல்ட் அளவில் நாள் முழுவதும் இணைத்து வைத்தாலும் அது நிறைவதில்லை. குறைந்த மின்னேற்றத்திலேயே நீண்ட நாள் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும்.

தொடக்ககாலக் கார்களின் என்ஜினைக் கைப்பிடியால் சுற்றித்தான் தொடக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்கின் டெல்கோ நிறுவனம் உருவாக்கிய மின் தொடக்கி 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதன்பின் பேட்டரியும், அதை மின்னேற்றும் டைனமோவும் காரின் நிலையான உறுப்புகளாயின.

டைனமோவுடன் ‘கட்-அவுட்’ எனும் சிறு மின்காந்தச் சாவியும் வந்தது. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது டைனமோவின் மின்னழுத்தம் பேட்டரியினதைவிடக் குறைந்துவிடும். அப்போது இணைப்பு நீடித்தால் மின்னோட்டம் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பிப் பாயும். இதைத் தடுக்கக் கட்-அவுட் இணைப்பைத் துண்டிக்கும். டைனமோவின் அழுத்தம் உயர்ந்ததும் மீண்டும் இணைக்கும். மின்னழுத்தம் உயர்ந்தால் சேர்த்தல், தாழ்ந்தால் பிரித்தல் என்ற இந்த விதிதான் பிற்காலத்தில் இரண்டு பேட்டரிகளை இணைக்கும் கருவிகளிலும் பயன்பட்டது.

வேன் வீடானது

1947இல் டச்சு வணிகர் பென் பொன் வரைந்த ஒரு கோட்டோவியத்திலிருந்து வோக்ஸ்வாகனின் ‘டைப் 2’ வேன் உருவானது. அதன் உற்பத்தி 1950இல் தொடங்கியது. 1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அந்த வேனுக்குள் பொருத்தவும் கழற்றவும் கூடிய படுக்கை, அலமாரி முதலியவற்றைத் தயாரித்தது. இங்கிலாந்தில் ஃபோக்ஸ்டன் நகரின் மார்ட்டின் வால்டர் நிறுவனம் ‘டார்மோபில்’ என்ற பெயரில் வேன்களைத் தங்கும் வண்டிகளாக மாற்றி விற்றது.

இந்தத் தொடக்ககால வண்டிகளில் மின்சாரத்தின் பங்கு மிகச் சிறியது. அடுப்பு எரிவாயுவில் எரிந்தது. உணவைக் குளிர்விக்கப் பனிக்கட்டிப் பெட்டி இருந்தது. ஓரிரு விளக்குகளுக்கு என்ஜின் பேட்டரியே போதும். அன்றைய வோக்ஸ்வாகன் வேன்களின் மின்னமைப்பு 6 வோல்ட் அளவிலேயே இருந்தது. 1960களின் பிற்பகுதியில்தான் 12 வோல்ட்டுக்கு மாறியது.

டைனமோக்களின் திறனும் குறைவு. பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூக்காஸ் சி40 டைனமோ ஏறத்தாழ 22 ஆம்பியர் தந்தது. முகப்பு விளக்கும் துடைப்பானும் இயங்கும் மழை இரவில் அதில் மிஞ்சுவது சொற்பமே. என்ஜின் வெறுமனே சுழலும் நிலையில் எதுவும் மிஞ்சாது. இன்னொரு பேட்டரியைச் சேர்த்தாலும் அதை நிரப்ப மின்சாரம் இல்லை என்பதே அக்காலத்தின் சிக்கல்.

தேவையைக் கூட்டியது குளிர்பெட்டி. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகிய இருவரும் 1922இல் அசையும் உறுப்புகள் இல்லாத உறிஞ்சுமுறைக் குளிர்பெட்டியை உருவாக்கினர். வெப்பத்தால் இயங்கும் இப்பெட்டியை எரிவாயு, வீட்டு மின்சாரம், வண்டியின் 12 வோல்ட் மின்சாரம் ஆகிய மூன்றாலும் இயக்கும் வகைகள் பின்னர் கேம்பர்வேன்களில் இடம்பெற்றன. 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். இரவு முழுவதும் அப்படி இழுத்தால் காலையில் என்ஜின் தொடங்காது. எனவே வாழ்வதற்கு ஒரு பேட்டரி, ஓடுவதற்கு ஒரு பேட்டரி என்ற பிரிவினை தேவையாயிற்று.

ஆல்டர்னேட்டரும் ‘டி பிளஸ்’ முனையும்

இந்தப் பிரிவினையைச் சாத்தியமாக்கியது ஆல்டர்னேட்டர். அது மாறுதிசை மின்னோட்டத்தை உண்டாக்கி, சிலிக்கன் டையோடுகள் வழியாக நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது. விலை குறைந்த சிலிக்கன் டையோடுகள் வந்த பிறகே இது கார்களுக்கு ஏற்றதாயிற்று. 1960ஆம் ஆண்டு மாதிரியாக வந்த கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியண்ட் கார், பெருந்தொகையில் உற்பத்தியான கார்களில் ஆல்டர்னேட்டரை முதலில் கொண்டதாகக் கருதப்படுகிறது. பிரிட்டனில் பரவிய லூக்காஸ் 17ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 36 ஆம்பியர் தந்தது. மெதுவான சுழற்சியிலும் அது டைனமோவைவிட நன்றாக வேலை செய்தது. 1961இல் சென்னையில் தொடங்கப்பட்ட லூக்காஸ் டிவிஎஸ் வழியாகத் தமிழ்நாட்டு வாகன மின்பணியாளர்களுக்கும் லூக்காஸ் என்ற பெயர் பழக்கமானது.

இரண்டு பேட்டரிகளை நேரடியாகக் கம்பியால் பிணைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகவே தீரும். அதனால் இடையில் ஒரு ரிலே வைக்கப்பட்டது. என்ஜின் ஓடும்போது அது பேட்டரிகளைச் சேர்க்கும், நின்றதும் பிரிக்கும். என்ஜின் ஓடுகிறது என்பதை ரிலேவுக்குத் தெரிவிக்க ஆல்டர்னேட்டரின் ‘டி பிளஸ்’ முனை பயன்பட்டது. முகப்புப் பலகையில் உள்ள சிவப்பு மின்னேற்ற விளக்கு இணைக்கப்பட்டிருப்பதும் அதே முனையில்தான். சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியும். என்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் மின்சாரம் தந்ததும் அம்முனையின் அழுத்தம் உயரும், விளக்கு அணையும், ரிலே மூடிக்கொள்ளும்.

இந்தத் தலைமுறை வண்டிகளில் வீட்டுப் பேட்டரி மின்னேறாமைக்கான காரணங்கள் பெரும்பாலும் கண்ணால் காணக்கூடியவை. ஃபியூஸ் எரிந்திருக்கும். ரிலேயின் தொடுமுனைகள் கருகியிருக்கும். டி பிளஸ் கம்பி அறுந்திருக்கும். வண்டி உடலுடன் இணையும் எர்த் முனையில் துரு ஏறியிருக்கும். சில வண்டிகளில் சிவப்பு விளக்கின் பல்பு எரிந்துபோனதே காரணமாக இருக்கும். அந்தப் பல்பு வழியாகப் பாயும் சிறு மின்னோட்டமே ஆல்டர்னேட்டரின் காந்தப்புலத்தைத் தொடக்கி வைப்பதால், பல்பு போனால் ஆல்டர்னேட்டரே விழிக்காமல் இருக்கக்கூடும். அப்போது இரண்டு பேட்டரிகளும் மின்னேறா. ஆனால் முதலில் தீர்வது வீட்டுப் பேட்டரி என்பதால் பழி அதன்மேல் விழும்.

டையோடும் மின்னழுத்தம் உணரும் ரிலேயும்

தேயும் தொடுமுனைகளைத் தவிர்க்க, ரிலேவுக்குப் பதிலாக டையோடு பிரிப்பான்கள் பயன்பட்டன. டையோடு ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். ஆல்டர்னேட்டரிலிருந்து இரு பேட்டரிகளுக்கும் மின்சாரம் போகும். ஒரு பேட்டரியிலிருந்து மற்றொன்றுக்குப் போகாது. அசையும் உறுப்பும் இல்லை, அறிவிப்புக் கம்பியும் தேவையில்லை.

ஆனால் சிலிக்கன் டையோடு வழியே செல்லும்போது ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட் இழப்பாகிறது. ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் தந்தால் பேட்டரியை அடைவது 13.5 வோல்ட் அளவே. அதுவும் ஈய அமிலப் பேட்டரியை நிரப்பப் போதாது. எந்த உறுப்பும் பழுதாகாமலே பேட்டரி ஒவ்வொரு பயணத்திலும் குறையாக மின்னேறி, சல்பேட்டு படிந்து முதுமையடைந்தது.

அடுத்து வந்தது மின்னழுத்தம் உணரும் ரிலே. தொடக்கப் பேட்டரியின் அழுத்தம் ஏறத்தாழ 13.3 வோல்ட்டைக் கடந்தால் என்ஜின் ஓடுகிறது என்று கொண்டு அது இணைக்கும்; 12.8 வோல்ட் அளவுக்கு இறங்கினால் பிரிக்கும். பழைய கட்-அவுட்டின் விதியே இங்கு மீண்டும் வந்தது. பொருத்துவது எளிது, அழுத்த இழப்பும் மிகக் குறைவு என்பதால் இது விரைவில் பரவியது. என்ஜின் ஓடினால் மின்னழுத்தம் உயர்ந்தே இருக்கும் என்ற ஓர் ஊகத்தின்மேல் அது நின்றது. அன்றைய வண்டிகள் அனைத்துக்கும் அந்த ஊகம் பொருந்தியது.

கம்பியின் கணக்கு

எல்லாத் தலைமுறைகளுக்கும் பொதுவான ஒரு காரணம் கம்பியின் தடிமன். என்ஜின் அறையிலிருந்து படுக்கைக்கு அடியில் உள்ள பேட்டரி வரை 5 மீட்டர் தொலைவு என்றும், மின்னோட்டம் திரும்பிவரவும் அதே தடிமனுள்ள கம்பி போடப்பட்டிருக்கிறது என்றும் கொண்டால், மொத்த நீளம் 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இந்த நீளத்தின் மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம். 20 ஆம்பியர் பாய்ந்தால் வழியிலேயே 1.4 வோல்ட் இழப்பாகும். 14.2 வோல்ட்டில் கிளம்பியது 12.8 வோல்ட்டாகப் போய்ச் சேரும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியாக இருந்தால் அதே 20 ஆம்பியருக்கு இழப்பு 0.22 வோல்ட் அளவே.

உண்மையில் பேட்டரியின் அழுத்தம் இதற்கு முன்பே எதிர்நின்று மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். எனவே கம்பி சூடாகாது, ஃபியூஸ் எரியாது. பேட்டரி மட்டும் மெதுவாக, பாதியளவே மின்னேறும். குளிர்பெட்டியும் அதே கம்பியில் மின்சாரம் எடுத்தால் நிலை இன்னும் மோசமாகும்.

தடித்த கம்பிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அதன் இரு முனைகளிலும் பேட்டரி இருப்பதால், நடுவில் உரசி வண்டியின் உடலைத் தொட்டால் இரு பக்கமிருந்தும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீப்பிடிக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு பேட்டரியின் அருகிலும் தனித்தனி ஃபியூஸ் வைப்பது கட்டாயம். ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வதும், மறுமுனை ஃபியூஸ் மறைவாக எரிந்து கிடப்பதும் இதனால் வழக்கமானவை.

தாழ்ந்து ஓடும் ஆல்டர்னேட்டர்

இருபத்தொன்றாம் நூற்றாண்டில் மின்னழுத்தம் உணரும் ரிலேயின் ஊகம் உடைந்தது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றவும் எரிபொருள் செலவாகிறது. எனவே தொடக்கப் பேட்டரி போதிய அளவு நிறைந்திருக்கும்போது ஆல்டர்னேட்டரின் அழுத்தத்தைத் தாழ்த்துவதும், வண்டி வேகம் குறையும்போது உயர்த்தி அந்த இயக்க ஆற்றலைப் பேட்டரியில் சேர்ப்பதும் எரிபொருளை மிச்சப்படுத்தும் வழிகளாயின. பிஎம்டபிள்யூ 2007இல் தன் கார்களில் இத்தகைய அமைப்பைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களின் கரிம வெளியீட்டுச் சராசரிக்குக் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்ற வரம்பை 2009ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், வேன்களுக்கு 175 கிராம் என்ற வரம்பை 2011ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் விதித்தது. அதன்பின் இம்முறை வேன்களிலும் பரவியது.

இவ்வகை ஆல்டர்னேட்டர்களை ‘யூரோ 6 ஆல்டர்னேட்டர்’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. யூரோ 6 என்பது நைட்ரஜன் ஆக்சைடு முதலிய நச்சுப் புகைக்கான விதி. ஆல்டர்னேட்டரைப் பற்றியது அல்ல. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்து வண்டிகளில் வந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. எனவே வண்டியின் யூரோ வகையை மட்டும் பார்த்து ஆல்டர்னேட்டர் எத்தகையது என முடிவு செய்ய இயலாது. அளந்தே அறிய வேண்டும்.

இத்தகைய வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது மின்னழுத்தம் 12.5 வோல்ட் அளவுக்குத் தாழலாம். ரிலே அதை என்ஜின் நின்றதாகக் கொண்டு பேட்டரிகளைப் பிரித்துவிடும். வேகம் குறையும்போது 15 வோல்ட் அளவுக்கு உயர்ந்தால் மீண்டும் இணைக்கும். மூன்று மணி நேரம் ஓடினாலும் வீட்டுப் பேட்டரிக்குக் கிடைப்பது சில நிமிட மின்னேற்றமாக இருக்கலாம். ஆனால் பட்டறையில் நிறுத்திவைத்து என்ஜினைத் தொடக்கினால், தொடக்கிக்குச் செலவான மின்சாரத்தை ஈடுசெய்ய ஆல்டர்னேட்டர் முதலில் 14 வோல்ட்டுக்கு மேல் தரும். பணியாளர் அளந்து பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார். பட்டறையில் நலமாகவும் சாலையில் பழுதாகவும் தோன்றும் இந்தப் புதிரால் பல நல்ல பேட்டரிகளும் ரிலேக்களும் வீணாக மாற்றப்பட்டன.

இதற்குத் தீர்வாக வந்தது டிசி-டிசி சார்ஜர். ஆல்டர்னேட்டரின் அழுத்தம் தாழ்ந்திருந்தாலும் அதை வாங்கி, பேட்டரிக்குத் தேவையான 14.4 வோல்ட் அளவுக்கு உயர்த்தித் தருவது அதன் வேலை. கம்பியில் ஏற்படும் இழப்பையும் அது ஈடுசெய்கிறது. ஆனால் தாழ்ந்த அழுத்தத்தை வைத்து என்ஜின் ஓடுகிறதா என அறிய முடியாததால், அதற்குத் தனியாக ஓர் அறிவிப்புக் கம்பி வேண்டும். சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் முனையிலிருந்தோ டி பிளஸ் குறிப்பிலிருந்தோ அது எடுக்கப்படுகிறது. அழுத்தம் உணரும் ரிலே தேவையற்றதாக்கிய கம்பி இவ்வாறு மீண்டும் வந்தது. அதை இணைக்காமல் விடுவதோ தவறான ஃபியூஸிலிருந்து எடுப்பதோ இன்றைய வண்டிகளில் சார்ஜர் விழிக்காததற்கு முக்கியக் காரணமாகும்.

லித்தியம் வந்த பின்

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பேட்டரிப் பொருளாகப் பயன்படுத்தலாம் என்பதை 1990களின் பிற்பகுதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் குழுவினர் காட்டினர். எடை குறைவு, நீண்ட ஆயுள், ஏறத்தாழ முழுக் கொள்ளளவையும் பயன்படுத்தும் வசதி ஆகியவற்றால் இவ்வகைப் பேட்டரி கேம்பர்வேன்களில் இடம்பிடித்தது.

பழைய ரிலேவுடன் இது ஒத்துப்போகவில்லை. இதன் ஓய்வழுத்தமே 13.3 வோல்ட் அளவில் இருப்பதால், என்ஜின் நின்ற பிறகும் மின்னழுத்தம் உணரும் ரிலே பிரியாமல் இருந்துவிடலாம். உள்தடை மிகக் குறைவு என்பதால் காலியான லித்தியம் பேட்டரி ஆல்டர்னேட்டரிலிருந்து இயன்ற அளவெல்லாம் இழுக்கும். என்ஜின் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டரின் காற்றாடியும் மெதுவாகவே சுழல்வதால் அது சூடேறிக் கெடக்கூடும். மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டும் டிசி-டிசி சார்ஜர் இங்கும் தேவைப்படுகிறது.

இன்னொரு காரணம் குளிர். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை மின்னேற்றினால் அதனுள் உலோக லித்தியம் படிந்து நிரந்தரச் சேதம் ஏற்படும். அதைத் தடுக்க, பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று 0 டிகிரி செல்சியஸ் அளவில் மின்னேற்றத்தை மறுக்கும். ஐரோப்பியக் குளிர்காலக் காலையில் பேட்டரி மின்னேறாமல் இருந்து, உள்ளறை சூடானதும் மின்னேறத் தொடங்கினால் அது பழுதல்ல. பேட்டரி தன்னைக் காத்துக்கொள்வதாகும்.

அளவீடும் அதன் பொருளும்

பழுதைக் கண்டறிய ஒரு மல்டிமீட்டரும் ஓர் ஒழுங்கும் போதும். என்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரிகளின் முனைகளிலும் அளந்து ஒப்பிட வேண்டும். நின்ற நிலையில் ஒரு முறையும், சிறிது தூரம் ஓடிய பின் மற்றொரு முறையும் அளப்பது நன்று. ஓடும்போது ஓட்டுநர் அல்லாத வேறொருவரே அளவீட்டைப் பார்க்க வேண்டும்.

தொடக்கப் பேட்டரியே 14 வோல்ட் அளவை எட்டவில்லை, சிவப்பு விளக்கும் எரிகிறது அல்லது சாவியைத் திருப்பும்போதே எரிவதில்லை என்றால், பழுது ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், அந்த விளக்கின் மின்சுற்று ஆகியவற்றில் உள்ளது.

தொடக்கப் பேட்டரியில் 14.2 வோல்ட் இருந்து, வீட்டுப் பேட்டரி 12.3 வோல்ட்டிலேயே அசையாமல் நின்றால் இரண்டுக்கும் இடையே இணைப்பே இல்லை. ஃபியூஸ், ரிலே, டி பிளஸ் கம்பி, எர்த் முனை ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பேட்டரி 13 வோல்ட் அளவுக்கு ஏறி அங்கேயே நின்றால் இணைப்பு உண்டு, ஆனால் வழியில் இழப்பு மிகுதி. மெல்லிய கம்பி, டையோடு, துருவேறிய முனை ஆகியவை காரணமாகலாம்.

தொடங்கியதும் இரண்டிலும் 14 வோல்ட் இருந்து, சாலையில் 12.5 வோல்ட் அளவுக்கு இறங்கினால், ஆல்டர்னேட்டர் தாழ்ந்து ஓடும் வகையைச் சேர்ந்தது. ரிலேயை மாற்றிப் பயனில்லை. டிசி-டிசி சார்ஜரே வழி. ஏற்கெனவே சார்ஜர் இருந்தால் அதன் அறிவிப்புக் கம்பியை முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பேட்டரியில் 14.4 வோல்ட் நிலையாகக் கிடைத்தும், என்ஜினை நிறுத்தியதும் அழுத்தம் விரைந்து சரிந்து, சிறு விளக்குக்கே தீர்ந்துவிட்டால்தான் பேட்டரி கெட்டுவிட்டது எனலாம். பேட்டரியை மாற்றுவது இந்த நிலையில் மட்டுமே தீர்வு. மற்ற நிலைகளில் புதிய பேட்டரியும் பழையதன் வழியிலேயே போகும்.

எந்த அளவீட்டிலும் பிழை தெரியாமல் பேட்டரி நிறையாதிருப்பதும் உண்டு. ஈய அமிலப் பேட்டரி ஏறத்தாழ 80 விழுக்காட்டைக் கடந்த பின் மின்னோட்டத்தை மிக மெதுவாகவே ஏற்கும். பாதி தீர்ந்த 100 ஆம்பியர் மணிப் பேட்டரி முழுமையடையப் பல மணி நேரம் தேவை. நாளுக்கு அரை மணி நேரம் ஓடும் வேனில் எல்லா உறுப்புகளும் சரியாக இருந்தாலும் அது நிறைவதில்லை. பல கேம்பர்வேன்களின் கூரையில் சூரியத் தகடு இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். வேன் நின்றிருக்கும் பகல்பொழுதில் அது மெதுவாக மின்னேற்றி, ஓட்டத்தில் கிடைக்காத மீதியை நிரப்புகிறது.